சாவியை எடுத்தும் நிற்காத வண்டி!



"வண்டி நிக்கணும்னா சாவியைத் திருப்பினா போதும்." நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். போன மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சித்தப்பாவின் வாடகைக் காரில் சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். பழைய டீசல் கார். குமராட்சி தாண்டியதும் எஞ்சின் திடீரென்று உறும ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை! பின்னால் ஒரே நீலப்புகை. சித்தப்பா ஓரம் கட்டி, கியரை எடுத்துவிட்டு, சாவியை உருவினார். சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறது! கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் பானெட்டைத் திறக்கப் போனார். பம்புசெட் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர், "கிட்ட போவாதீங்க! டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிச்சிக்கிட்டு கிளட்சை விடுப்பா!" என்று சத்தம் போட்டார். அப்படியே செய்ததும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. எங்களுக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. சாவியைத் திருப்பினால் தீப்பொறி நிற்கும், எஞ்சினும் நிற்கும். 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. காற்றை இறுக அழுத்தினால் சூடு 500 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். சாவி அந்த டீசலை மட்டும்தான் நிறுத்துகிறது. எரிய வேறு ஏதாவது உள்ளே வந்தால்?

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வீராணத்தில் மதகை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். கரையே உடைந்திருந்தால் மதகை அடைத்து என்ன பிரயோஜனம்? டர்போவின் சீல் தேய்ந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ எஞ்சின் ஆயிலே காற்றோடு கலந்து உள்ளே போய் எரிகிறது. வேகம் கூடக்கூட இன்னும் ஆயிலை உறிஞ்சுகிறது. கடைசியில் ஆயில் தீர்ந்து, எஞ்சின் இறுகி, ராடு உடைந்து வெளியே பறக்கலாம். தீயும் பிடிக்கலாம். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே ஆபத்துதான்.

ஆயில் மட்டுமல்ல, காற்றில் எரிவாயு கலந்திருந்தாலும் போதும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆவி கசிந்து பரவியது. பக்கத்தில் ஓடிக்கொண்டு நின்ற ஒரு டீசல் வண்டியின் எஞ்சின் அந்த ஆவியை இழுத்து வெறிபிடித்து ஓடியது. ஆவி பற்றிக்கொள்ள பெரும்பாலும் அதுவே காரணம் என்றது விசாரணை. அந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள்.

இப்போது என் கருத்து. எங்கள் கார் மூன்று மாதமாகவே, "ஆயில் குடிக்குது" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டினார். அது சிரிக்கிற விஷயமே இல்லை, எச்சரிக்கை மணி! அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் வண்டி ஷெட்டில் நின்றால் அன்றைக்கு வீட்டில் வருமானம் கிடையாது. ஆனால் எஞ்சினே போனால் எத்தனை நாள் வருமானம் போகும்? உள்ளே இருந்த எங்கள் உயிருக்கு என்ன விலை?

ஓட்டுநர் பயிற்சியில் எட்டுப் போடச் சொல்லித் தருகிறார்கள். சாவிக்கு அடங்காத எஞ்சினை எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் பதினொன்றாம் வகுப்பில் வெப்ப எந்திரம் படித்து மார்க் வாங்குகிறோம். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெரியவர்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றினார். இதைப் பயிற்சியிலும் சொல்லித்தர வேண்டும், நம் வகுப்பிலும் பேச வேண்டும்.

நண்பர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டீசல் வண்டி வைத்திருக்கும் அப்பாவிடமோ மாமாவிடமோ மூன்று விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று: வாரம் ஒருமுறை ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். குறைந்தாலும் கூடினாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரண்டு: நீலப்புகை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று: எஞ்சின் அடங்காவிட்டால் டாப் கியர், பிரேக், கிளட்ச். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது முடியாது. முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தூரப் போய்விடுங்கள். காற்றுக் குழாயைக் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள்.

வண்டி போனால் வாங்கலாம். சித்தப்பா போனால்?

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்