மலைக் காய்ச்சலுக்குக் கணக்கு எங்கே?

காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரல்ல. மலேரியாவும் காய்ச்சல்தான், டைபாய்டும் காய்ச்சல்தான், புதரிலும் புல்லிலும் கிடக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சிக்குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும் காய்ச்சல்தான். மூன்றுக்கும் மருந்து வேறு. ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை காலத்தில் கிடைத்தால் ஆள் பிழைப்பான். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரைக் குடிக்கும். களையெடுப்பவர், விறகு பொறுக்குபவர், ஆடு மேய்ப்பவர் ஆகிய உழைப்பாளிகளையே இது அதிகம் பிடிக்கிறது.

ஆகவே எந்த ஊரில், எந்த வாரத்தில், யாருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுப்பது வெறும் காகித வேலையல்ல. உயிர் காக்கும் வேலை.

ஆனால் கணக்கிலும் இரண்டு வகை உண்டு. 1896 இல் பம்பாயில் பிளேக் பரவியது. வெள்ளைக்கார சர்க்கார் நோயாளிகளைப் பலாத்காரமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றது. அந்த அக்டோபரில் ஆத்திரமடைந்த ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். 1897 இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து தேடினார்கள். ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள். அடக்குமுறைக் கணக்கு பொய்க் கணக்காயிற்று.

மற்றொரு கணக்கு நம் பக்கத்திலேயே நடந்தது. ஜவ்வாது மலை அடங்கிய அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில், 1980களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் ஜேக்கப் ஜான் ஒரு முறையைத் தொடங்கினார். குறிப்பிட்ட நோயைக் கண்ட டாக்டர், சர்க்கார் டாக்டரானாலும் தனியாரானாலும், ஒரு தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். கார்டுகள் ஓரிடத்தில் சேர்ந்ததும், எங்கே எந்த நோய் தலைதூக்குகிறது என்று தெரிந்துவிடும். 1998 இல் லண்டன் லான்செட் பத்திரிகை இதை ஏழை நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாக வெளியிட்டது. 2004 இல் மத்திய சர்க்காரும் நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது.

நல்ல முறைதான். ஆனால் கார்டு எழுத டாக்டர் வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து, பஸ் சார்ஜும் கொடுத்து மலையிறங்க முடியாதவன் எந்தக் கார்டிலும் ஏறமாட்டான். கணக்கில் இல்லாதவன் செத்தால் கேட்பாரும் இல்லை!

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும்? 1958 இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று ரத்தத்துளி எடுத்தார்கள். 1965 இல் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். பிறகு வேலை தளர்ந்தது. 1976 இல் 64 லட்சம்!

இன்று ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை ஜில்லாவில்; புதூர்நாடு திருப்பத்தூரில்; பீஞ்சமந்தை வேலூரில். மலை ஒன்று, கச்சேரி மூன்று. பூச்சிக்கு ஜில்லா எல்லை தெரியாது.

எனவே நாம் கோருகிறோம்: காய்ச்சல் மாதங்களில் வீடுவீடாக விசாரிக்க நிரந்தர ஊழியர் வேண்டும். ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் மலையிலேயே கிடைக்க வேண்டும். மூன்று ஜில்லாவுக்கும் ஒரே பதிவேடு வேண்டும்; அதை ஊர்க்கூட்டத்தில் படிக்க வேண்டும்.

தோழர்களே! கூலிக்குக் கணக்குக் கேட்கக் கற்ற நாம், காய்ச்சலுக்கும் கணக்குக் கேட்போம்!