காக்கும் கையா, பேசும் வாயா?

செருமன் மொழியில் ‘ஃபோர்முண்ட்ஷாஃப்ட்’ என்றொரு சட்டச்சொல் உண்டு. பெற்றோரின் பொறுப்பில் இல்லாத சிறாருக்குச் சட்டப்படி அமையும் காப்பாளர் பொறுப்பை அது குறிக்கும். ‘ஃபோர்’ என்றால் முன். ‘ஷாஃப்ட்’ என்பது நம் ‘மை’ விகுதி போல் நிலையைச் சுட்டுவது. இடையில் நிற்கும் ‘முண்ட்’தான் நம்மை ஏமாற்றும்.

இன்றைய செருமன் மொழியில் ‘முண்ட்’ என்றால் வாய். ஆகவே, பிள்ளையின் முன்னே நின்று, அதன் சார்பில் வாய் திறப்பவரே காப்பாளர் என்று விளக்கத் தோன்றும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிழை. இங்குள்ள ‘முண்ட்’ கை, பாதுகாப்பு என்னும் பொருள்களைத் தந்த பழஞ்சொல். இலத்தீன் மொழியில் கையைக் குறிக்கும் ‘மனுஸ்’ என்பதோடு அதனை உறவுபடுத்துவர். வாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

தாமரையைத் தா + மரை எனப் பிரித்தால் தாவும் மான் வரும், மலர் போய்விடும். இதனை நாம் அறிவோம். இருந்தும், ‘பிரித்து எழுதுக’ பயிற்சியில் வடிவம் பொருந்தினால் போதும் என்று மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். சொல்லின் வரலாற்றை ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா, ஆசிரிய நண்பர்களே?

கை என்றதும் கனிவை மட்டும் எண்ணிவிடவும் கூடாது. பண்டைச் செருமானிய வழக்கில் ‘முண்ட்’ என்பது மனைவி மக்கள்மீது குடும்பத் தலைவன் கொண்டிருந்த அதிகாரமுமாகும். காத்தலும் ஆளுதலும் ஒரே கையில் இருந்தன. அக்கையின் துணையின்றித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் தகுதி பெற்றவரை ‘ம்யூண்டிக்’ என்றனர். மெய்யியலாளர் கான்ட் 1784இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பிறர் வழிகாட்டலின்றித் தன் அறிவைப் பயன்படுத்த இயலாத நிலைக்கு இதன் எதிர்ச்சொல்லையே ஆண்டார். பிள்ளைகளுக்காக நாமே விடை சொல்லிவிடும் வழக்கத்தை எண்ணும்போது, அச்சொல் என்னை உறுத்துகிறது.

சட்டமும் தன் சொற்களை மாற்றிக்கொண்டது. மேற்குச் செருமனியில் 1980 சனவரி 1 வரை பெற்றோரின் உரிமைக்குச் சட்டத்தில் இருந்த பெயர் ‘பெற்றோர் அதிகாரம்’. அதில் வந்த ‘கெவால்ட்’ என்னும் சொல் வன்முறையையும் குறிக்கும்! அந்நாள் முதல் அது ‘பெற்றோர் பராமரிப்பு’ ஆயிற்று. பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ப, அதனைப் பற்றிய முடிவுகளைப் பெற்றோர் அதனோடு கலந்து பேசி, உடன்பாடு காண முயல வேண்டும் என்றும் குடியியல் சட்டத்தின் 1626ஆம் பிரிவு கூறுகிறது.