கூடை விற்ற பாவை



சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து, தோப்பும்படியில் பேருந்துக்காகக் காத்து நின்றபோது, அன்பர் ஒருவர் நம்மிடம் தம் மனக்குறையைச் சொன்னார். "பிள்ளைகள் கைப்பேசியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை ஐயா. அதில் ஓடும் படமெல்லாம் எங்கேயோ, யாரோ எடுத்தவை. அவற்றில் தமிழும் இல்லை, நம் வாழ்வும் இல்லை" என்றார். அக்குறை நம் வீட்டிலும் உண்டாகையால் நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. பகலெல்லாம் இரயில்வே அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக் களைத்து வரும் தகப்பனுக்குக் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது எளிது. அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுப்பதன்றோ அரிது! அந்த ஈடு எதுவாகலாம் என்பதைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறோம்.

'டோக்ரி' என்று ஒரு குறும்படம் உண்டு. இந்தியில் அச்சொல்லுக்குக் கூடை என்று பொருள். ஒரு சிறுமி, தன் தந்தை உயிரினும் மேலாகப் போற்றி வைத்திருக்கும் கடிகாரத்தை அறியாமல் உடைத்து விடுகிறாள். செய்த பிழைக்குத் தானே ஈடு செய்யவேண்டும் என்று கருதி, மும்பை வீதியிலே கூடை விற்கப் புறப்படுகிறாள். கதை இவ்வளவே, முடிவை நாம் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்கமாட்டோம். ஆனால் இதில் நடித்த தந்தையும் மகளும் மனிதர் அல்லர். கையால் செய்த பாவைகள். அவர்கள் வாழும் வீடும், நடக்கும் தெருவும் கையால் செய்தவையே.

இதனை ஆக்கியவர் சுரேஷ் எரியாட் என்னும் கேரளத்துக்காரர். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்று, மும்பையில் விளம்பரப் படங்கள் எடுத்து வருபவர். விளம்பரத் தொழில் வயிற்றுக்கு, இப்படம் மனத்துக்கு. ஆதலால் இது முற்றுப்பெறப் பல ஆண்டுகள் ஆயின. 2017இல் வெளிவந்து, அவ்வாண்டுப் படங்களுக்கான 65ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த அசைவூட்டப் படத்துக்குரிய விருதை மற்றொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது.

பல ஆண்டுகள் ஆகக் காரணம் என்ன? பாவைக்குள் கம்பியால் ஓர் எலும்புக்கூடு அமைக்கிறார்கள். அதன்மேல் களிமண்ணோ பஞ்சோ துணியோ கொண்டு உடலை உருவாக்குகிறார்கள். பாவையின் கையை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம். இன்னும் சற்று நகர்த்தி மற்றொரு படம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டு படங்களாக நிறுத்தினாலும், ஒரு நொடிக்கு 12 முறை பாவையைத் தொட்டு அசைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720 முறை. இடையிலே விளக்கின் ஒளி சிறிது மாறினாலும், படக்கருவியை யாரேனும் இடித்துவிட்டாலும், அன்றைய உழைப்பு வீண். பத்து நிமிடப் படத்துக்கு எத்தனை நாள் பொறுமை வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இக்கலை நேற்று முளைத்ததன்று. இரஷ்ய நாட்டில் ஸ்டாரெவிச் என்பவர், செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால் பொருத்தி நடிக்கவைத்த படம் 1912இல் வெளிவந்தது. பூச்சிகளைப் பழக்கி நடிக்க விட்டார்கள் என்றே அன்று பலரும் நம்பினராம். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்னும் அம்மையார், அட்டையையும் ஈயத்தகட்டையும் கத்தரித்து, நிழலுருவங்களாலேயே 1926இல் ஒரு முழுநீளப் படத்தை ஆக்கினார். இன்று நம் கைக்குக் கிட்டும் அசைவூட்ட முழுநீளப் படங்களுள் மிகப் பழையது அதுவே.

நிழல் என்றவுடன் நம் நெஞ்சு ஜெர்மனிக்கு ஓடவேண்டியதில்லை. இரயிலேறி ஷொர்ணூரில் இறங்கினால் போதும். அதன் அருகிலுள்ள கூனத்தறை என்னும் சிற்றூர், தோல்பாவைக் கூத்துக்குப் பேர்பெற்றது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் வட்டாரங்களில் பகவதி கோயில்களையொட்டிக் கூத்துமாடம் என்று ஒரு மேடை உண்டு. நீண்ட திரைக்குப் பின்னே, தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுகிறார்கள். தோலில் செதுக்கிய இராமனும் இராவணனும் திரையில் நிழலாய் எழுகிறார்கள். ஏழு இரவும் நடக்கும். 21 இரவும் நடக்கும். சில கோயில்களில் 71 இரவும் நடக்கும்.

அங்கே பாடப்படும் பாட்டு எது தெரியுமா? நம் கம்பனுடைய பாட்டு! மலையாள நாட்டு வயல்வெளியில், நள்ளிரவில், கம்பராமாயணச் செய்யுள் தமிழாகவே ஒலிக்கிறது. இடையிடையே வரும் விளக்கவுரையில் மலையாளமும் வடமொழியும் கலந்துவரும். ஆட்டுவிப்போரைப் 'புலவர்' என்றே அழைக்கிறார்கள். கோயிலுக்குள் மட்டும் நடந்த கூத்தைப் பொது மேடைக்கும் வெளிநாட்டுக்கும் கொண்டு சென்றவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் குடும்பத்துப் பெண்கள் இன்று தாமே குழு அமைத்துக் கூத்து நடத்துகிறார்கள்.

இக்கூத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். இராம இராவண யுத்தம் நடந்த காலத்தில், பத்திரகாளி தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தாளாம். அந்த யுத்தத்தைக் காண இயலவில்லையே என்னும் அவள் குறை தீரவே ஆண்டுதோறும் கூத்து நடக்கிறது. ஆதலால் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத இரவிலும் புலவர் பாட்டை நிறுத்துவதில்லை. பிற நாட்டிலே நம் மொழியைப் பேணும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது? கேட்பார் குறைந்துவிட்டார் என்று நாம் வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா?

இனி நம் வீட்டுக் கதை. மேற்சொன்ன அன்பரின் குறை மனத்தில் உறுத்த, நம் மகனையும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் அழைத்து, "நீங்களே ஒரு படம் எடுங்களேன்" என்றோம். அம்முயற்சிக்குக் கைப்பேசியே படக்கருவி ஆயிற்று. தையற்காரர் தந்த துணித்துண்டும் கட்டுக்கம்பியும் பாவைகள் ஆயின. ஆச்சி சொன்ன காக்கை நரிக் கதையை எடுத்துக்கொண்டார்கள். 20 நொடிப் படத்துக்கு 240 படங்கள் வேண்டும். முதல் ஞாயிறு மாலைக்குள் நூற்றுக்குமேல் எடுத்துவிட்டனர். அப்போது மழைச்சாரல் அடிக்கிறதே என்று நாம் எழுந்து சன்னலைச் சாத்தப்போய், கைப்பேசியைத் தாங்கிய முக்காலியைக் காலால் இடித்துவிட்டோம்.

"எல்லாம் கெட்டுப்போயிற்று அப்பா!" என்று மகன் உரக்கக் கத்தினான். அண்டை வீட்டுப் பிள்ளைகள் எதிரில் கத்திவிட்டானே என்று நாம் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டோம். பிள்ளைகள் கலைந்து போயினர். இரவு உணவின்போது நம் இல்லாள் ஒன்றே கேட்டாள்: "உடைத்தவர் நீங்கள், அழுகிறவன் அவனா?" நமக்குச் சோறு இறங்கவில்லை. 'டோக்ரி'யில் பிழை செய்தவள் சிறுமி. ஈடு செய்யப் புறப்பட்டவளும் அவளே. நம் வீட்டில் பிழை செய்தது தகப்பன். ஈடோ இன்னும் யாரும் செய்யவில்லை.

மறுநாள் அலுவலகம் விட்டு வரும்போது வலுவான முக்காலி ஒன்று வாங்கி வந்தோம். மகனிடம், "நேற்றுத் தவறு எங்கள் பேரில்தானடா. அடுத்த ஞாயிறு நானே சன்னல் ஓரம் அசையாமல் உட்கார்ந்து காவல் இருக்கிறேன்" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு காலையில் நமக்கு முன்னே எழுந்து, சன்னலருகே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தான்.

படம் முடிந்தது. நரி நடக்கும்போது சற்று நொண்டுகிறது. காக்கைக்கு ஒரு சிறகு பெரிது. இருந்தாலும் அதற்குக் குரல் கொடுக்கவேண்டி வந்தபோது, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் மட்டும் பேசும் அந்த நால்வரும் ஆச்சியைச் சூழ்ந்துகொண்டு, "வடை போச்சே என்பதை எப்படி ஆச்சி சொல்ல வேண்டும்?" என்று பத்து முறை சொல்லிப் பழகினார்கள். நாம் அதட்டிச் சொல்லியும் வாராத தமிழ், நரிக்காக வந்தது!

அன்பர்களே, திருவனந்தபுரத்தில் கேரளச் சலச்சித்திர அகாதமி ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் உலகத் திரைவிழா நடத்துகிறது. அவ்வளவு தொலைவுக்கு நம் பிள்ளைகள் இப்போதே போகவேண்டியதில்லை. நம் சங்க ஆண்டுவிழாவில் கால்மணி நேரம் இத்தகைய படங்களுக்கு ஒதுக்கினால் போதும். வீட்டிலுள்ள பழந்துணியையும் கம்பியையும் இன்றே எடுத்துக் கொடுங்கள். கதைக்குப் பாட்டிமாரைக் கேளுங்கள். பெற்றோர் மட்டும் முக்காலியைச் சற்று விலகி நடப்பது நலம்!