பழைய படகு, உடைந்த முதுகு... உலகைச் சுற்றி வந்த கதை!

நம்ம ஏலாக்குறிச்சி கொள்ளிடக்கரை ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு போய்ச் சேரும் பழையாறு வரை போக வேண்டும். ஆனாலும் இந்த ஊருக்கும் பாய்மரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே தங்கித் தமிழ் வளர்த்த வீரமாமுனிவர், 300 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவர்தானே! இந்த வாரம் நாம் பார்க்கப்போவதும் ஒரு பாய்மரக் கதைதான்.

கேரளாவைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. 2013-ல், பாய்மரப் படகில் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். 2018-ல் 'கோல்டன் குளோப்' போட்டியில் இறங்கினார். செப்டம்பரில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் தாக்கியது. பாய்மரம் முறிந்தது. அவருடைய முதுகெலும்பும் உடைந்தது. நகரக்கூட முடியாமல் நடுக்கடலில் கிடந்தவரை, மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. முதுகில் டைட்டானியம் கம்பி வைத்தார்கள்.

'இனி கடலே வேண்டாம்' என்றுதானே நாம் சொல்வோம்? அவர் 2022-ல் அதே போட்டிக்கு மறுபடி கிளம்பினார்!

இந்தப் போட்டியின் விதிகள் விநோதமானவை. படகின் வடிவமைப்பு 1988-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். நீளம் 32 முதல் 36 அடி. ஜி.பி.எஸ் கூடாது, சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அபிலாஷின் 'பயானத்', 'ரஸ்லர் 36' என்ற பழைய பிரிட்டிஷ் ரக ஃபைபர் கிளாஸ் படகு.

இப்படிப்பட்ட பழைய ஃபைபர் படகுகளைச் சீராக்கி ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதற்கு முதல் கருவி சின்னச் சுத்தியல்தான். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதேபோல படகு முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல இடம். 'டொப்' என்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

அந்த இடத்தின்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் பளபளக்கும். ஆனால் ஒரு பெரிய அலை போதும், பெயர்ந்துவிடும். அதனால் பழுதை முதலில் பெரிதாக்குகிறார்கள்! கெட்டதை முழுக்கச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்ப்பார்கள். பொதுவான கணக்கு 12-க்கு 1. அதாவது, படகின் சுவர் 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், விரிசலைச் சுற்றி 60 மில்லிமீட்டர் வரை சரிவு வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் மாற்றி மாற்றி, அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பழையதும் புதியதும் அகலமாகக் கைகோத்தால்தான் பிடிப்பு. தேய்க்கும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

2004 சுனாமிக்குப் பிறகு, உடைந்த ஃபைபர் படகுகள் பலவும் ரெசினும் இழையும் போட்டுத்தான் நம் கடற்கரையிலிருந்து மீண்டும் மீன்பிடிக்கப் போயின. இரும்பைப் போல ஃபைபரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. மரம்போல மக்கவும் செய்யாது. அதனால் படகைச் சீராக்கினால் வாழ்வாதாரம், கைவிட்டால் கரையில் ஒரு குப்பை.

சரி, 'பயானத்' என்ன ஆனது? போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது சரக்குக் கப்பல் ஒன்று மோதி, படகின் முன்பகுதி சேதமானது. அவசரமாகச் சீராக்கிக்கொண்டு, செப்டம்பர் 4 அன்று பிரான்ஸிலிருந்து கிளம்பினார். வழியில், தானாகத் திசை பிடிக்கும் கருவி பழுதானது. கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்துகொண்டார்!

கிளம்பிய 16 பேரில், போட்டி விதிப்படி முழுமையாக முடித்தவர்கள் 3 பேர்தான். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷாஃபர் என்ற பெண் முதலிடம். 236 நாள்களுக்குப் பின், 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார் அபிலாஷ். படகிலும் ஒட்டு, முதுகிலும் ஒட்டு. இரண்டுமே தாங்கின!

உங்கள் வீட்டில் 'இது அவ்வளவுதான்' என்று எல்லோரும் சொன்ன பிறகும், பழுது பார்த்து இன்றுவரை உழைக்கிற பொருள் எது? கமென்ட்டில் சொல்லுங்களேன்.