பெட்டியைத் திறக்காத தோழி

நம் பத்திரிகைக்கு வரும் கதைகளில் பலவற்றை ஒரு பழக்கம் பிடித்து ஆட்டுகிறது. மூன்று பக்கம் எதையோ ஒளித்து வைத்திருந்து, கடைசி வரியில் போட்டு உடைப்பது. இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்தவன் செத்துப்போனவன்; கதை சொன்னவனே கொலைகாரன். ‘எப்படி?’ என்று எழுதியவர் நம் முகத்தைப் பார்ப்பது தெரிகிறது. எரிச்சல்தான் வருகிறது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதற்குப் பெயர் சஸ்பென்ஸ் அல்ல. காகிதம் விற்கிற விலையில் ஒரு கடைசி வரிக்காக மூன்று பக்கம் ஒதுக்கவும் கட்டுப்படியாகாது.

இதற்கெல்லாம் மாப்பசான் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. 1884இல் வெளிவந்த அவருடைய ‘நெக்லஸ்’ நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே படித்த கதை. ஒரு குமாஸ்தாவின் மனைவி, விருந்துக்குப் போட்டுக்கொள்ளப் பணக்காரத் தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். அதே மாதிரி ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பத்து வருஷம் உழைத்துக் கடனை அடைக்கிறார்கள். தொலைந்தது போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும் என்பது கடைசியில் தெரிகிறது. பார்த்து எழுதுகிறவர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி வரியை மட்டும்.

கதையின் நடுவே சட்டென்று கடந்துபோகிற ஓரிடம் இருக்கிறது. புது நெக்லஸைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். தாமதத்துக்காகத் தோழி முகம் கொடுக்காமல் பேசுகிறாள். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. முதல் தடவை படிக்கும்போது, திறந்துவிடக் கூடாதே, மாற்றியது தெரிந்தால் இவளைத் திருடி என்று நினைப்பாளே என்று பதறுகிறோம். முடிவு தெரிந்த பிறகு படித்தால், ஒருதரம் திறந்து பார்த்துத் தொலைத்தால்தான் என்ன என்று அடித்துக்கொள்கிறது. திறந்திருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கலாம். பத்து வருஷம் மிச்சமாகியிருக்கலாம். எதற்குப் பயந்தாளோ அதுதான் அவளைக் காப்பாற்றியிருக்கும். சஸ்பென்ஸும் முரண்நகையும் அந்த மூடிய பெட்டிக்குள் ஒன்றாக இருக்கின்றன. கடைசி வரிக்கு பலம் அங்கிருந்துதான் வருகிறது.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்குப் பாதம்’ கதையிலும் ஆசிரியர் நம்மிடம் அதிகம் ஒளிப்பதில்லை. வரம் தரும் அந்தப் பாதத்திடம் அப்பா கேட்டது 200 பவுண்டு. இயந்திரத்தில் சிக்கிச் செத்த மகனுக்கு நஷ்டஈடாக வருவதும் அதே 200 பவுண்டு. பிணத்தை உடையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது என்று அப்பா முன்பே சொல்லிவிடுகிறார். அதனால்தான், மகன் திரும்பி வர வேண்டும் என்று வரம் கேட்ட அன்றிரவு கதவு தட்டப்படும்போது, தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டும் அம்மாவைப் பார்த்து நமக்குக் குலை நடுங்குகிறது. வெளியே நின்றது என்ன என்று கதை காட்டுவதே இல்லை. காட்டியிருந்தால் வெறும் பேய்க்கதை.

நம்மிடம் புதுமைப்பித்தன் இருக்கிறார். ‘மனித யந்திரம்’ என்று தலைப்பு வைத்த மாத்திரத்தில் முடிவைச் சொல்லியாகிவிட்டது. வருஷக்கணக்காகக் கடையில் பற்று வரவு எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஓரிரவு கல்லாப் பணத்தோடு ரயிலடிக்குப் போகிறார். கொழும்புக்குப் போய்ப் பணக்காரராகத் திரும்பிவருகிற கனவு. யந்திரம் எங்கேயும் ஓடிப்போகாது என்று நமக்குத் தெரியும். தெரிந்தும், வண்டி கிளம்பிவிடாதா, இந்த மனுஷன் ஒரு தடவையாவது திருடிவிட மாட்டாரா என்று மனம் கிடந்து தவிக்கிறது. யோக்கியமான வாசகரையும் ஒரு களவுக்கு உடந்தையாக்கிவிடுகிறார் புதுமைப்பித்தன். பிள்ளை திரும்பி வந்து, ஓர் அற்பத் தொகையைத் தன் பேரில் பற்று எழுதுகிறார். அதிர்ச்சி ஏதும் இல்லை, எதிர்பார்த்ததுதான் நடந்தது. நமக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ‘நெக்லஸ்’ முடிவைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

கதை அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புவதற்கு முன், உங்கள் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கதை நின்றால் அனுப்புங்கள், போடுகிறோம்.