முதலில் பிள்ளைக் காம்பராவுக்கு வலை

சென்ற மாதக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளம், அரைப்பேர், கானு வெட்டாத கதை எல்லாம் பேசி முடித்து எழும்பும் நேரம். பணிய கணக்கு மாதர் தலைவி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு துண்டு வலையை எடுத்து மேசையில் போட்டார். "பண்டாரவளையில வாங்கினது சேர். நுளம்பு வரல்ல. ஆனா லைட்டப் போட்டதும் குட்டிக் குட்டிப் பூச்சியெல்லாம் இதுக்குள்ளால வந்துருது. இதவிடப் பொடி வலை இருக்கா?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. பூனாகலைப் பக்கம் வீட்டுக்கு ஜன்னல் கேட்பதே ஒரு காலத்தில் பெரிய கோரிக்கையாக இருந்தது. இன்றும் பழைய லயங்களில் ஜன்னலே இல்லாத காம்பராக்கள் இருக்கின்றன. ஜன்னலுக்கு எந்த வலை என்று கேட்கும் இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம் என்றால், அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தூள் சலிக்கும் சல்லடைக்கு ஓர் இலக்கம் உண்டு. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் இருக்கிறது என்பதே அந்த இலக்கம். இலக்கம் கூடக் கூடக் கண் சிறுக்கும். பி.ஓ.பி. நிற்கும் சல்லடையில் டஸ்ட் நிற்காது. ஜன்னல் வலையும் இதே கணக்குத்தான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல நுளம்பு வலை 18க்கு 16. அதாவது ஓர் அங்குலத்தில் ஒரு பக்கம் 18 கண், மறுபக்கம் 16 கண். ஒரு கண்ணின் அகலம் ஒரு மில்லிமீற்றரைவிடச் சற்றுக் கூட இருக்கும். நுளம்பு இதற்குள் நுழையாது. (நமது பாட்டிமார் கொசு என்பார்கள், பாடப்புத்தகம் நுளம்பு என்கிறது. கடிக்கு இரண்டும் ஒன்றுதான்.)

கடைக்காரர் இலக்கம் தெரியாது என்றால் அடிமட்டத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். தரம் 5 பிள்ளைகளிடம் மாதர் தலைவியின் துண்டையும் ஓர் அடிமட்டத்தையும் கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்: ஒரு பக்கம் 14, மறுபக்கம் 14. அவர் வாங்கியது கண் பெரிய வலை. 18க்கு 16 என்று கேட்டு வாங்கியிருந்தால் அவருடைய தொல்லையில் ஒரு பகுதி அப்போதே குறைந்திருக்கும்.

அதற்கும் அடங்காத பூச்சிகள் உண்டு. மாட்டுப்பட்டி, உரக்குழி, மரக்கறித் தோட்டம் ஆகியவற்றைச் சுற்றி எழும்பும் பொடிப் பூச்சிகள் நுளம்பைவிட மிகச் சிறியவை. அவற்றுக்கு 20க்கு 20 வலை ஓரளவு உதவும். இன்னும் சிறியவற்றுக்கு 30க்கு 30 வேண்டும். மணல் ஈ என்று ஒன்றும் உண்டு. அது நுளம்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், சாதாரண நுளம்பு வலைக்குள் புகுந்து வந்துவிடும். லீஷ்மேனியாசிஸ் என்ற தோல் நோயைப் பரப்புவது இதுதான். நம் நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் கண்டறியப்பட்டார். 2008 முதல் இது சுகாதாரத் திணைக்களத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை போன்ற வெப்பமான மாவட்டங்களில்தான் இது அதிகம். நமது குளிர் மலைக்கு இது பெரிய பயம் அல்ல. ஆனால் நமது பையன்கள் வேலை தேடி அந்தப் பக்கங்களுக்குத்தான் போகிறார்கள். வலி இல்லாத ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு இருக்காமல் வைத்தியசாலையில் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் எல்லோரும் 30க்கு 30 வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பதே நமது கருத்து.

வலை என்பது ஓட்டையும் நூலும் சேர்ந்தது. 18க்கு 16 வலையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டை, ஒரு பங்கு நூல். 30க்கு 30இல் ஏறக்குறையப் பாதி நூலாகிவிடும். கண் சிறுக்கும்போது காற்றும் சிரமப்பட்டுத்தான் நுழையும். நகரத்து வீட்டில் மின்விசிறி போட்டுச் சமாளிப்பார்கள். நாம் விறகு அடுப்பு எரிப்பவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் புகை வெளியேற இருப்பது அந்த ஒரு ஜன்னல்தான். பொடி வலையில் கரி படிந்து இரண்டு மழைக்காலம் போவதற்குள் அது துணித் திரை மாதிரி ஆகிவிடும். பூச்சியைத் தடுக்கப் போய்ப் புகையைப் பூட்டி வைத்த கதையாகும். அந்தப் புகையால் இருமுவது அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையும்.

இதை நாம் கண்ணால் பார்த்தோம். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், பிள்ளைக் காம்பராவுக்கு யாரோ நல்ல மனதோடு இருப்பதிலேயே பொடியான வலையை வாங்கிக் கொடுத்தார்கள். எல்லா ஜன்னலுக்கும் ஆணி வைத்து அடித்தாயிற்று. பக்கத்திலேயே பால் காய்ச்சும் அடுப்பு. மூன்று மாதத்தில் வலை கறுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு வியர்த்து ஊற்றியது. பிள்ளை பார்க்கும் அக்கா என்ன செய்வார்? கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்து வைத்தார். ஜன்னலில் வர முடியாத நுளம்பு எல்லாம் வாசல் வழியாக ராஜ மரியாதையோடு உள்ளே வந்தது. அந்த அக்காவைக் குறை சொல்வதற்கில்லை, மூச்சு முட்டினால் யாரும் கதவைத்தான் திறப்பார்கள். அந்த ஜன்னல்களுக்குத் தேவைப்பட்டது 18க்கு 16 வலையும், கழற்றிக் கழுவக்கூடிய சட்டமும், வாசலுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு வலைக் கதவும். செலவும் அதைவிடக் குறைந்திருக்கும்.

பிள்ளைக் காம்பராவைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும்தான் அதற்கு வேகம் கூட. நாம் இரவில் பிள்ளைகளை நுளம்பு வலைக்குள் படுக்க வைக்கிறோம், நல்லது. ஆனால் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடுகிறோம்? அங்கேதான் அது பகல் தூக்கம் தூங்குகிறது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை மாவட்டமும் அந்தக் கணக்கில் உண்டு. மேல் பிரிவுகளில் குளிர் அதிகம், டெங்கு ஏறாது என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஆகவே தோட்டத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் வலை போடக் காசு இருக்கிறது என்றால், அது பிள்ளைக் காம்பராவாக இருக்க வேண்டும். இதை நிர்வாகத்திடமும், 'டிரஸ்ட்' என்று நாம் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் எழுத்தில் கேட்கப் போகிறோம். சந்தாப் பணத்தில் வாங்கிப் போடலாமே என்று சில தலைவர்கள் சொன்னார்கள். போடலாம். போட்டால் அடுத்த முறை கூரைத் தகரத்தையும் நம்மையே வாங்கச் சொல்வார்கள்.

தொழிலாளி வீட்டு ஜன்னலுக்கு வலை போடுவது கேலிக்குரிய ஆடம்பரம் என்று நினைக்கும் துரைமாருக்கு ஒரு பழைய கதை. மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பது தெரியவந்த புதிதில், 1900ஆம் ஆண்டு, இத்தாலியின் கபாச்சோ சமவெளியில் கிராஸி என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். அங்கே ரயில் பாதையில் வேலை செய்தவர்களின் வீட்டுக் கதவு ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்து, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிபடாமல் பார்த்துக்கொண்டார். அப்படிக் காக்கப்பட்ட 112 பேரில் 5 பேருக்குத்தான் காய்ச்சல் வந்தது. பாதுகாப்பு இல்லாத 415 பேருக்கும் வந்தது. ஜன்னல் வலை நோயைத் தடுக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்தது ஒரு மாளிகையில் அல்ல, கூலி வேலை செய்தவர்கள் குடியிருந்த வீடுகளில். நமது நாட்டில் 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அது பல வருட வேலையின் பலன், வலையால் மட்டும் வந்தது அல்ல.

வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மலிவானது பைபர் கிளாஸ் வலை. கத்தரிக்கோலால் வெட்டலாம், வெல்க்ரோ ஒட்டிப் போடலாம். ஆனால் எலி கடிக்கும், பூனை நகம் பட்டால் கிழியும், அடுப்புக்குப் பக்கத்தில் உருகிப் போகும். அடுப்படி ஜன்னலுக்கு அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் வலைதான் சரி. வெறும் இரும்புக் கம்பி வலை நமது பனிமூட்டத்தில் சீக்கிரம் துருவேறும். மரக்கறிக் கொட்டிலுக்குப் போடும் பச்சை வலையைச் சிலர் ஜன்னலில் அடித்திருக்கிறார்கள். அது வெயிலைத்தான் மறைக்கும். நுளம்பு அதில் தாராளமாக நுழையும், காம்பராவும் இருட்டாகும்.

நமது ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை. ஆகவே வலை உள்பக்கம்தான் வர வேண்டும். அப்படியானால் கொக்கி மாட்டக் கை எப்படிப் போகும் என்பதை முதலிலேயே யோசித்து, பிணைச்சல் வைத்த மரச்சட்டத்தில் வலையை இறுக்குங்கள். ஆணி அடித்து நிரந்தரமாக மூட வேண்டாம். கழுவ முடியாது என்பது ஒரு காரணம். லயத்தில் தீப்பிடித்தால் ஜன்னல்தான் இரண்டாவது வாசல் என்பது பெரிய காரணம். மாதம் ஒரு தடவை சவர்க்காரத் தண்ணீரில் மெல்லத் தேய்த்துக் கழுவினால் கரி போகும்.

சுவர் முடிந்து தகரம் தொடங்கும் இடத்தைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். பல லயங்களில் அந்த இடைவெளியில் கையே நுழையும். ஜன்னலுக்கு நல்ல வலை போட்டுவிட்டு அதைத் திறந்து வைத்தால் பயனில்லை. சாக்கைத் திணித்து அடைக்கவும் கூடாது, புகை போகும் வழி அதுதான். அங்கேயும் ஸ்டீல் வலைத் துண்டை மடித்துச் செருகலாம்.

மாதர் தலைவியின் குட்டிப் பூச்சிக்கு வருவோம். அவை பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வருபவை. வெள்ளை பல்பைக் கழற்றி மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பைப் போட்டால் வரவு குறையும். இஸ்தோப்பில் ஒரு விளக்கு எரியவிட்டு, வீட்டுக்குள் ஜன்னலோர விளக்கை அந்திப் பொழுதில் ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். அவருக்கு இதைச் சொன்னோம். பல்பை மாற்றியதில் பாதி குறைந்தது என்றார். மீதிப் பாதிக்கு மாட்டுப்பட்டியைத் தள்ளி வைக்க வேண்டும், அது அவர் மாமியாரோடு பேச வேண்டிய விஷயம் என்றும் சொன்னார்.

தண்ணீர் பீப்பாய்க்கும் இதே 18க்கு 16 வலைத் துண்டு போதும், வாயைச் சுற்றி ரப்பர் பட்டியால் கட்டுங்கள். பீப்பாயில் முட்டையிடும் நுளம்புக்கு ஜன்னல் வலை ஒரு தடையே அல்ல. மழைக்கு உடுத்தும் படங்கை மடித்து வெளியே போட்டால் அதன் மடிப்பிலும் தண்ணீர் நிற்கும்.

புது வீடு வரப்போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுக்குள் போனதையும், 2023 மார்ச்சில் கபரகலையில் மண் சரிந்து நமது சனங்கள் பாடசாலைக் கட்டடத்தில் படுத்ததையும் மறந்தவர் இங்கே இல்லை. புது வீடு என்றால் எங்கே கையெழுத்து என்று கேட்கும் நிலைமையில்தான் நாம் இருக்கிறோம். இந்திய வீடமைப்புத் திட்டத்து 550 சதுர அடி வீடாக இருந்தாலும் வேறு எதுவானாலும், வரைபடத்தைக் காட்டும்போது ஜன்னல் எத்தனை, வலைச் சட்டம் உண்டா, அடுப்படிப் புகை எங்கே போகிறது என்று மூன்றையும் கேளுங்கள். வீடு கட்டும்போது சட்டம் வைப்பது லேசு. பிறகு வைப்பது நமது காசில்தான்.

அடுத்த கமிட்டிக்கு ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் மாதர் தலைவியும் தங்கள் பிள்ளைக் காம்பராவின் ஜன்னல் கணக்கோடு வர வேண்டும். எத்தனை ஜன்னல், எந்தப் பக்கம் திறக்கிறது, இப்போது என்ன வலை, அங்குலத்துக்கு எத்தனை கண், கதவு தானாகச் சாத்துமா, அடுப்பு எவ்வளவு தூரத்தில். அளக்கும்போது சுவரின் ஓட்டையை அளக்காமல் சட்டத்தின் வெளி விளிம்பை அளந்து, நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டு வாருங்கள்.