சுமந்தது விமானம், எரித்தது போர்!

தென்காசி பக்கம் பஸ்சில் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காற்றாலைக் காத்தாடியின் இறக்கையை ஏற்றிய டிரெய்லர் லாரி, வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும். பஸ், கார், வேன் எல்லாம் வரிசை கட்டும். "இம்புட்டுப் பெரிய சாமானை ரோட்டுல கொண்டு வாராவளே! பிளேன்ல கொண்டு போனா என்ன?" என்று ஒருவர் கேட்பார். பஸ்சே சிரிக்கும்.

சிரிக்க வேண்டாம். அப்படியும் ஒரு விமானம் இருந்தது!

பெயர் ஆண்டனோவ்-225. செல்லப் பெயர் 'மிரியா'. உக்ரைன் மொழியில் 'கனவு' என்று அர்த்தம். 1988 டிசம்பரில் முதலில் பறந்தது. 6 என்ஜின், 32 சக்கரம். நீளம் 84 மீட்டர். குற்றாலம் சீசனுக்கு வருகிற பஸ்களில் ஏழை வரிசையாக நிறுத்தினால்தான் அந்த நீளம் வரும். சரக்கோடு 640 டன் எடையுடன் மேலே கிளம்பும். எடையில் அதை மிஞ்சிய விமானம் இன்றுவரை பறந்ததில்லை.

'புரான்' விண்கலத்தை முதுகில் சுமக்க அன்றைய சோவியத் நாடு செய்தது இது. 1991-ல் அந்த நாடே சிதறியது. விமானத்துக்கு வேலை போயிற்று. என்ஜின்களைக் கழற்றிக்கொண்டு ஓரம் கட்டிவிட்டார்கள். 2001-ல் பழுது பார்த்து, வாடகைச் சரக்குக்கு விட்டார்கள்.

அதன் பிறகுதான் அது உலகத்துக்கு உதவியது. 2010-ல் சீனாவில் இருந்து டென்மார்க்குக்கு 42 மீட்டர் நீளக் காத்தாடி இறக்கைகள் இரண்டைக் கொண்டுபோனது. 2016 மே மாதம், ஆஸ்திரேலியாவுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகும் வழியில் நம் ஐதராபாத்தில் இறங்கியது. 2020-ல் கொரோனா காலத்தில் போலந்துக்கு மருத்துவ சாமான்களைச் சுமந்தது.

கடைசியில் என்ன ஆயிற்று?

2022 பிப்ரவரியில் ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. கீவ் நகரை அடுத்த ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் சண்டை மூண்டது. அங்கே நின்ற மிரியா எரிந்து நாசமானது. முழுசாகக் கட்டி முடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் போச்சு!

படையெடுத்து வந்தவர்களின் தகப்பன்மாரும், தடுத்து நின்றவர்களின் தகப்பன்மாரும் ஒரே நாடாக இருந்தபோது செய்த விமானம் அது. கட்டுவதற்கு வருஷக்கணக்கு. எரிவதற்கு சில நாள்!

எங்கோ நடக்கிற சண்டை, நமக்கு என்ன என்று கேட்கலாமா? அந்த ஆண்டு சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது, மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் உக்ரைன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மருத்துவம் படிக்கப்போன பிள்ளைகள் தவித்ததையும் நாம் பார்த்தோம். போரின் சுமை கடைசியில் சாமானியன் தலையில்தான் இறங்கும்.

பெரிய பீரங்கி, பெரிய குண்டு என்று நாடுகள் பெருமை பேசுகின்றன. சுமப்பதில் பெரியது எது என்று போட்டி போடட்டும். அதுதான் பெருமை.

அடுத்த தடவை இறக்கை லாரி வழி மறித்தால் திட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற காற்றுதான் அந்த இறக்கையையும் சுற்றி, கரண்டு தரப்போகிறது.

சுமக்கிறவன் மெதுவாகத்தான் போவான். எரிக்கிறவனுக்குத்தான் அவசரம்!